மடலேனா மகனுக்குக் கோச் பார்த்த கதை

"ஃபிரிட்ஜைத் தொறந்தா பல்பு மட்டும்தான் இருக்கு. அதையும் ஒரு நாள் தின்னுடப் போறான்."

மடலேனா தினமும் சொல்கிற வார்த்தை இது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற சமையல்கூடத்தில் அவளுக்கு விடியற்காலை வேலை. முடித்து வீட்டுக்கு வந்தால் முதலில் ஃபிரிட்ஜ், அப்புறம் இந்தப் புலம்பல், அதற்கப்புறம்தான் உட்காருவாள். என் தம்பி பெண்டாட்டி அவள். தீவிலிருந்து வந்து மாங்கெரேயில் குடியேறிய குடும்பம் எங்களுடையது; எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். அதனால் எனக்கும் தினமும் கேட்கும்.

அவள் மகன் இலாலியோவுக்கு வயது பத்தொன்பது, எடை நூற்றிருபது கிலோ. ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன். அந்த உடம்பு ரொட்டியிலும் டீயிலுமா நிற்கும்? போன வருஷம் அமெச்சூர் பட்டம் ஜெயித்தான். இனிமேல் காசுக்குச் சண்டை போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து, சர்ச் ஹாலில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மகளோடு இருக்கப் பிரிஸ்பேன் போய்விட்டார். பையன் கோச் இல்லாமல் நின்றான்.

எங்கள் மூத்த அண்ணன்தான் குடும்பத் தலைவர், துவாலா என்ற பட்டம் உள்ளவர். அவர் ஒரே வாரத்தில் ஆள் பிடித்துவிட்டார். ஊருக்குள் பெரிய ஜிம் வைத்திருக்கிற கிரெய்க் என்ற வெள்ளைக்காரர். டிவியில் வருகிற சண்டை ஒன்று கையில் இருக்கிறதாம். புதன்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மடலேனா என் சமையலறைக்கு வந்தாள். நான் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கேட்காமலே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அவளும் சீவ ஆரம்பித்தாள். கிழங்கில் பாதி தோலோடு போனது.

"அண்ணி, பையன்கிட்ட ஏதோ சரியில்ல. இடது பக்கம் நின்னு தட்டை நீட்டினா மூஞ்சிய முழுசாத் திருப்பித்தான் வாங்கறான்."

"கழுத்து பிடிச்சிருக்கும்."

"கேட்டா 'ஒண்ணுமில்லம்மா'ங்கறான்."

"அப்ப ஒண்ணுமில்ல."

"உங்க குடும்பத்து ஆம்பளைங்க வாயிலேர்ந்து என்னைக்கு உண்மை வந்திருக்கு? உங்க தம்பி குடல்வால் வெடிக்கற வரைக்கும் வாயு வாயுன்னு சொன்னவர்தானே?"

அது நிஜம். நான் இன்னொரு கிழங்கை எடுத்தேன்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடி."

"வர மாட்டேங்கறான். சண்டைய நிறுத்திடுவாங்கன்னு பயம். நூத்திருபது கிலோவ நான் இடுப்புல தூக்கிட்டா போக முடியும்?" கத்தியைக் கீழே வைத்தாள். "தப்பு என்னோடதுதான் அண்ணி. பெரியவங்க எது கேட்டாலும் கண்ணைத் தாழ்த்திக்கிட்டு 'ஆமா'ன்னு சொல்லணும்னு விளக்குமாத்தாலயே சொல்லிக்கொடுத்தேன். இப்ப வலிக்குதான்னு கேட்டா இல்ல, நல்லா இருக்கியான்னு கேட்டா ஆமா. நிஜமான ஆமாவெல்லாம் கூட்டாளிங்ககிட்ட மட்டும்தான். புருவத்தைத் தூக்குவான் பாருங்க, அது."

எங்கள் தீவு ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். வாயில் வருவது மரியாதை, புருவத்தில் வருவது பதில். பெரியவர்களிடம் புருவத்தைத் தூக்கினால் உதை விழும்.

"சண்டை மேடை மூலைல நான் நிக்க முடியாது அண்ணி. நிக்கறவருக்குக் கண்ணு இருக்கணும். கிரெய்க் பாக்கட்டும். ஓட்டாஹுஹுல டயர் கடைக்குப் பின்னால குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கறாரே, மாவோரிக்காரர் ஹெமி, அவரும் பாக்கட்டும். ரெண்டு பேர்கிட்டயும் நான் மூச்சு விட மாட்டேன். எவர் கண்டுபிடிக்கறாரோ அவர்கிட்ட விடறேன்."

"பைத்தியமாடி நீ? அடி வாங்க விட்டுப் பரீட்சை வைப்பியா?"

"கையில மாட்டற பேட்ல குத்தினாப் போதும், சண்டை வேணாம்னு சொல்லிடுங்க. பெரியவர்கிட்ட நான் பேச முடியாது. நீங்க கேட்டா அவர் மறுக்க முடியாது."

வீட்டுக்கு வந்த மருமகள் தலைவர் முன்னால் வாய் திறக்கக் கூடாது. கூடப் பிறந்தவள் கேட்டதை அண்ணன் தட்டக் கூடாது. இதை அவள் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது நான் கேட்டேன். துவாலா பன்றிக்கறியை மென்றுகொண்டே முறைத்தார். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாப்புல ரெண்டு இடம் பாக்கணுமா?" என்றார். ஆனால் சரி என்றார்.

திங்கட்கிழமை மாலை கிரெய்க்கின் ஜிம்முக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், காபிக் கடை, சுவரெல்லாம் டிவி. ஆளைக் குறை சொல்ல மாட்டேன். கை கொடுத்தார், நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்திருந்த எங்களைத் தாண்டிக் கயிறு கட்டின சண்டை வளையத்துக்குப் போகும்போது இலாலியோ குனிந்து "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனான். கிரெய்க்குக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"இவ்வளவு மரியாதையான பையனா! உடம்பு எப்படி? எல்லாம் ஓகேவா?"

"யெஸ் சார்." கண் தரையில்.

கொஞ்ச நேரம் பேட். அப்புறம் கிரெய்க் கையைத் தட்டினார். தாடி வைத்த ஒரு தடியன் வாயில் பல்கவசத்தோடு வளையத்துக்குள் ஏறினான்.

மடலேனா என் கையைப் பிடித்தாள். "அண்ணி, பேட் மட்டும்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்டி. அண்ணன்கிட்ட சொன்னேன்."

துவாலா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

இலாலியோவின் குத்து விழுந்த சத்தம் வெளியே கார் நிறுத்துமிடம் வரை கேட்டிருக்கும். தடியன் பின்னால் போனான். துவாலா தொடையைத் தட்டினார். அப்புறம் தடியன் வலது கையை வீசினான். பையனின் இடது பக்கம். அவன் அதைப் பார்க்கவே இல்லை. கன்னத்தில் விழுந்தது. மறுபடி அதே கை, அதே இடம்.

"இடது கைய மேல வை! வலது வருது, தெரியுதா?" என்று கத்தினார் கிரெய்க்.

"யெஸ் சார்."

மடலேனா எழுந்தாள். துவாலா, "உக்காரு," என்றார். குரலை உயர்த்தவில்லை. அவள் உட்கார்ந்தாள். மூன்றாவது முறை விழுந்தபோது பையனின் தலை கயிறு வரைக்கும் போய்த் திரும்பியது. என் கையில் அவள் நகம் பதிந்த இடம் ரொம்ப நாள் இருந்தது.

முடிந்ததும் கிரெய்க் துண்டால் பையன் முகத்தைத் துடைத்துவிட்டார். "திறமைசாலி. இடது கைய தாழ்த்தி வைக்கற பழக்கம் இருக்கு. ரெண்டு வாரத்துல சரி பண்ணிடறேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் துவாலாதான் பேசினார். பின்சீட்டில் இலாலியோ கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். மடலேனா அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஓட்டாஹுஹு. டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கழிப்பறைக் கதவு மூடாது. கல்லை வைத்துத்தான் மூட வேண்டும். துவாலா மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஹெமி ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இறைச்சி அடைத்த பஃப் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். பையனையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"பாதி வேணுமா?"

"நோ சார். தேங்க் யூ சார்."

"பசிக்கலைங்கறியா? இந்த உடம்பு பொய் சொல்லுதே." மீதி பஃப்பை அவன் கையில் திணித்தார். "சரி, உங்கம்மா சமையல்ல எது ரொம்ப மோசம்? கறியா?"

பையன் தலை குனிந்தான்.

"பலுசாமியா?"

இலாலியோவின் புருவம் சட்டென்று மேலே போய் இறங்கியது.

"அடப்பாவி! கீரைல ஊத்தத் தேங்காய்ப்பால் பிழிஞ்சு பிழிஞ்சு என் கை போச்சு, உனக்கு மோசமா?" என்று கத்தினாள் மடலேனா. ஹெமி பக்கெட்டோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தார். பையனும் சிரித்தான். இவர் ஏன் வேலையை ஆரம்பிக்காமல் வம்பு பேசுகிறார் என்று எனக்கு எரிச்சல்.

அப்புறம் பேடை மாட்டிக்கொண்டு எழுந்தார். வலது பக்கம் காட்டினார், இடி மாதிரி விழுந்தது. நடுவில் காட்டினார், விழுந்தது. பேசாமல் ஓர் அடி நகர்ந்து பையனின் இடது பக்கம் பேடைத் தூக்கினார். பையன் அப்படியே நின்றான். பேட் அங்கே இருக்கிறது என்றே தெரியாத மாதிரி நின்றான்.

ஹெமி பேடைக் கழற்றிக் கீழே போட்டார். கிட்டே போனார்.

"தம்பி, அந்தக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

"யெஸ் சார்."

"வாயக் கேக்கல."

பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம். புருவம் ஏறவில்லை. துவாலா தொண்டையைச் செருமினார். ஹெமி அசையவில்லை. கடைப் பக்கம் யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் அடித்தது நின்றது. புருவம் ஏறவே இல்லை. அதற்குப் பதில் அந்த மலை மாதிரி உடம்பில் உதடு மட்டும் நடுங்கியது.

"ஓரத்துல கறுப்பா, திரை மாதிரி இருக்கு சார்."

"எப்பலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்து. முன்னாடி மின்மினி பறக்கறாப்புல வந்துச்சு. நேத்துலேர்ந்து... திரை பெருசாயிடுச்சு."

நேற்று. மடலேனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஹெமி எங்கள் பக்கம் திரும்பினார். "நான் இவனுக்கு இன்னைக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இல்ல, இப்ப."

"நாளைக்குக் கையெழுத்து இருக்கு. அத முடிச்சுட்டுப் போலாம். ஒரு நாள்ல என்ன ஆயிடும்?" என்றார் துவாலா.

அப்போது மடலேனா செய்ததை எங்கள் குடும்பத்தில் எந்த மருமகளும் செய்ததில்லை. எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தரையில், துவாலாவின் காலுக்கு முன்னால், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலையைக் குனிந்தாள்.

"துலோ பெரியவரே. உங்க பேச்ச நான் இதுவரைக்கும் தட்டினதில்ல. இப்பவும் உங்ககிட்ட நான் அனுமதி கேக்கல. கார் சாவி என் கையில இருக்கு. நீங்க வந்தா முன்சீட்டு உங்களுக்கு. வரலைன்னா பஸ் எதிர்ப் பக்கம் நிக்கும்."

துவாலாவின் கழுத்து சிவந்தது. என்னைப் பார்த்தார். தங்கச்சி அவளை அடக்குவாள் என்று எதிர்பார்த்தார்.

"அண்ணா, முன்சீட்டுல ஏறுங்க," என்றேன்.

ஏறினார்.

விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டிருந்ததாம். நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு அடி விழுந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றாள் அந்தச் சின்ன டாக்டர் பெண். மறுநாள் காலை ஆபரேஷன். கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் துவாலா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கிரெய்க்குக்குப் போன் போட்டார். கிரெய்க், "நான் கேட்டேனே, அவன் யெஸ்னு சொன்னானே," என்றாராம்.

"எங்க பசங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தார்.

கண் பிழைத்தது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். திரும்பச் சண்டை போடலாமா கூடாதா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. குளிர்காலம் முடிந்து சொல்வார்களாம், கூடாது என்றும் சொல்லலாம். அந்த டிவி சண்டையில் வேறு யாரோ ஒரு பையன் நின்றான். எங்கள் சர்ச்சில் சில பெண்கள், "வாசல் வரைக்கும் வந்த அதிர்ஷ்டத்தத் தகரக் கொட்டகைல போய்த் தள்ளிட்டா," என்று அவள் காதில் விழும்படியே பேசுகிறார்கள். திங்கட்கிழமை பெரியவர் சொன்னதும் ஏன் உட்கார்ந்தேன் என்று என்னிடம் மட்டும் கேட்பாள். ஆனால் ஹெமியை அவள் விடவில்லை. சண்டை உண்டோ இல்லையோ, அவர்தான் கோச். பையன் இப்போது அங்கே கயிறு தாண்டுகிறான், மூட்டை தூக்குகிறான். குத்த விடுவதில்லை.

சனிக்கிழமை காலையில் மடலேனா அங்கேதான் இருப்பாள். ஓட்டாஹுஹு மெயின் ரோட்டில் டயர் கடைக்காரரைக் கேட்டால் பின்னால் போகிற வழியைக் காட்டுவார். இதைக் கேட்கிற நீங்களாவது போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எப்போது சண்டை என்று மட்டும் கேட்காதீர்கள். சர்ச் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், போய்ப் பாருங்கள்.