பத்து நாள் ஸுஜூது

மழை வருகிறது என்று ஊரையே நம்பவைத்துவிட்டுத்தான் எனது நோய் ஆரம்பமானது.

அறுவடை முடிந்த காலம். ஓட்டமாவடியில் எங்கள் வீதியோரம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தோம். பின்னேரம் நாலு மணி இருக்கும். வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. மறு நிமிடம் இன்னொன்று. நான் வானத்தைப் பார்க்கவில்லை, வாயைத் திறந்தேன்.

"மழை வருது! நெல்ல மூடுங்க! சுறுக்கா, சுறுக்கா!"

என் குரல் அப்படிப்பட்டது. உழவு இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் விற்கிறவன் நான், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய தொண்டை. வீதியில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். கூட்டி அள்ளினார்கள், படங்குகளை (தார்ப்பாய்) இழுத்து மூடி நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். பிறகு அரை மணித்தியாலம் மரநிழலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு முகில்கூட இல்லை. வெயில் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

மின்னல் வெட்டியது வானத்தில் அல்ல, என் கண்ணுக்குள். அன்று மாலையே கரித்தூள் பறப்பதுபோல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. நான் அவற்றைக் கொசு என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஜெஸீமா, "காத்துக்கு அடிக்கிற மனிசன இப்பதான் பாக்கன்" என்று சொன்னாள். இரண்டாம் நாள் காலையில் மூக்குப் பக்கமாக ஒரு கறுப்புத் திரை எழும்பி வந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி மின்னலும் புள்ளியும் திரையும் வந்தால், தயவுசெய்து ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நான் ஒரு நாள் கொசு அடித்து வீணாக்கினேன்.

என் இடது கண் சின்ன வயதிலேயே நெற்கதிர் குத்தி மங்கிப்போனது. ஆட்களின் உருவம் தெரியும், முகம் தெரியாது. எனக்கென்று இருந்தது இந்த வலது கண் ஒன்றுதான்.

மட்டக்களப்பில் கண் வைத்தியர் மருந்துத் துளி விட்டு, வெளிச்சம் பாய்ச்சி, நெடுநேரம் பார்த்தார். இளம் வயதுப் பெண், பொறுமையானவர். விழித்திரை (கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம், நாம் காண்பதெல்லாம் அதில்தான் விழுகிறது) கிழிந்து, சுவரைவிட்டுக் கழன்றுகொண்டிருக்கிறது என்றார். கொழும்புக்கு உடனே போக வேண்டும், உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு ஒரு வாயுக்குமிழியை வைப்பார்கள், அந்தக் குமிழிதான் படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும்.

"குமிழி எப்பவும் மேலதான் போகும், ஐயா. உங்கட விழித்திரை கண்ணுக்குப் பின்பக்கம். அப்ப முகம் நிலத்தப் பாத்துக்கிட்டு இருந்தாத்தான் குமிழி சரியான இடத்துல நிக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு, டொக்டர்?"

"பத்து நாள். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் நிமிரலாம். படுக்கிறதும் குப்புறத்தான். நீங்க தொழக்குள்ள நெத்திய நிலத்துல வைப்பீங்கதானே, அப்பிடி நெனச்சுக்கங்க."

பக்கத்தில் நின்ற ஜெஸீமா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள். காரணம், எங்கள் பள்ளிவாசலில் எனக்குப் பட்டப்பெயர் 'எக்ஸ்பிரஸ்'. மற்றவர்கள் இரண்டு ரக்அத்து (தொழுகையின் ஒரு சுற்று) முடிக்கிற நேரத்தில் நான் நாலையும் முடித்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். என் ஸுஜூதில் (தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் நிலை) நெற்றி நிலத்தில் பட்டதா என்று நிலத்துக்கே தெரியாது.

கொழும்பில் அறுவை நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும்போது வான் ஆசனத்தில் மடியில் தலையணை வைத்து அதில் முகம் புதைத்தபடி வந்தேன். வழியில் இருந்த பள்ளங்களை வைத்தே ஊர்களை அடையாளம் சொன்னேன். பொலன்னறுவை தாண்டியதும், "இனி நம்மட ரோட்டு" என்றேன். மகன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். குமிழி கண்ணில் இருக்கும்வரை விமானம் ஏறக்கூடாது, மலைநாட்டுக்கும் போகக்கூடாது. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே தலையணை வைத்து, முகத்துக்கு ஒரு இடைவெளி விட்டு மகன் ஓர் ஏற்பாடு செய்தான். அதன் வழியே எனக்குத் தெரிந்தது இரண்டு அடிச் சதுரச் சீமெந்துத் தரை. கட்டுப் போடாத இடது கண்ணால் அதையும் மங்கலாகத்தான் கண்டேன். ஆனால் தரை பக்கத்தில் இருந்தது. ஊர்ந்துபோகிற எறும்பு தெரிந்தது.

நோய் விசாரிக்க வந்தவர்களை நான் கால்களாகவே சந்தித்தேன். மௌலவியின் கால்கள் சுத்தமானவை, நகம் வெட்டியவை. கடைக்கு வரும் மெக்கானிக்கின் கால்விரல்களுக்கு நடுவில் கிரீஸ். எல்லோரும் என் பிடரியைப் பார்த்துக் கதைத்தார்கள். முதல் மூன்று நாளும் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். தேத்தண்ணியைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டிய மனிதன் வேறென்ன செய்வான்?

தொழுகைக்கு மட்டும் தடையில்லை. முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்பதால் தயம்மும் (தூய மண்ணைத் தொட்டு முகத்திலும் கைகளிலும் தடவிச் சுத்தமாவது) செய்துகொண்டேன். நெற்றியை அழுத்தாமல் மெதுவாக வைக்கலாம் என்று வைத்தியர் அனுமதி தந்திருந்தார். நாலாம் நாள் லுஹரில் (நண்பகல் தொழுகை) ஸுஜூதுக்குப் போனேன். வழக்கப்படி எழும்பப் பார்த்தவனுக்கு ஒரு யோசனை வந்தது. எழும்பி எங்கே போகப்போகிறேன்? எழும்பினாலும் குனிந்துதானே இருக்க வேண்டும்! அப்படியே கிடந்தேன்.

அறுபதை நெருங்கும் வயதில் அன்றைக்குத்தான் அல்லாஹ்விடம் ஆறுதலாகப் பேசினேன். அதுவரை நான் பாவமன்னிப்பை மொத்த வியாபாரமாகத்தான் கேட்டிருக்கிறேன். 'என் பாவங்களையெல்லாம் மன்னித்துவிடு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழும்பிவிடுவேன். சில்லறையாக, ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கேட்டதில்லை. அன்றைக்கு எடுத்துவைத்தேன். வாப்பாவிடம் பேசிய கடுஞ்சொல், வேலையாளை எல்லோர் முன்னாலும் ஏசியது, ஜெஸீமாவிடம் சொன்ன சின்னப் பொய்கள். சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசானது. உண்மையைச் சொன்னால் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அப்போதுதான் நண்டு வளை நினைவுக்கு வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், என் வயலில் பயிர் குடலை தள்ளும் (கதிர் கருக்கட்டும்) நேரத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. அடுத்த வயல் ஜெஸீமாவின் தம்பி காசிமுடையது. அவர்தான் அப்போது எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வட்டவிதானை (வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பாளர்). நான் வரம்பைச் சுற்றிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது, "வட்டவிதானை என்ட தண்ணிய தன்ட வயலுக்குத் திருப்பிட்டார்!" என்று கத்தினேன். ஊர் நம்பியது. என் குரல் அப்படிப்பட்டது என்று சொன்னேனே.

காசிம் ஒன்றும் பேசாமல் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் படி ஏறுவதையும் விட்டார்.

நான் கத்திய மூன்றாம் நாள் வரம்பின் அடியில் நண்டு வளை ஒன்றைக் கண்டேன். கைமுட்டி நுழையும் அளவு. என் தண்ணீர் அதன் வழியே பழைய வடிகாலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. மண்ணை அள்ளி அடைத்து, குதிக்காலால் மிதித்து இறுக்கிவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே விஷயம் இதுதான்.

இறைவனிடம் இதற்கு மன்னிப்புக் கேட்காமல் இல்லை. மொத்தக் கணக்கில் இதுவும் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதனிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது குர்ஆன் மதரசாவில் அலிஃப் ஓதிய நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு வருடம் எக்ஸ்பிரஸ் ஓட்டினேன். ஸுஜூதில் அவசரப்பட்டதன் காரணமே இதுதானோ என்று அன்றைக்கு நினைத்தேன். தரித்து நின்றால் அவன் கேட்டுவிடுவான் என்ற பயம்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெஸீமாவிடம் சொன்னேன். தரையில் அவள் கால்கள் அசையாமல் நின்றன. பிறகு திரும்பிப் போய்விட்டன. மாலையில் தேத்தண்ணி வந்தது, அடுத்த நாள் சோறும் வந்தது. பேச்சு வரவில்லை. அந்தப் பின்னேரம்தான் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்ட தம்பிட மகள்ட கல்யாணத்துக்கும் நான் தனியத்தான் போன. இதச் சொல்ல உங்களுக்குக் கண்ணு கெடணுமா?"

"மன்னிச்சுக்க, புள்ள."

"என்னட்டக் கேட்டுப் போதுமா? நான் அவனுக்கு கோல் எடுக்க மாட்டன். நீங்களே எடுங்க." போனைக் கொண்டுவந்து தரையில், சரியாக என் முகத்துக்குக் கீழே வைத்தாள்.

காசிம் எடுத்தார். "கண்ணு எப்பிடி?" என்று கேட்டார்.

"கண்ணுக்காக எடுக்கல்ல. ஒருக்கா வீட்ட வாங்க."

வந்தார். கதவடியில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கால்கள் என் சதுரத்துக்குள் வந்து நின்றன. வெடித்த குதிக்கால், பெருவிரலில் மண்வெட்டி பட்ட பழைய தழும்பு. இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறாத கால்கள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கலாம், அந்த மணித்தியாலத்துக்கான பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. நான் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியது, வளையைக் கண்டது, அடைத்தது, மறைத்தது.

பிறகு காசிம் சொன்னார், "எனக்குத் தெரியும், மச்சான்."

"என்ன தெரியும்?"

"அடுத்த நாளே கண்டன். புது மண்ணு, அதுக்கு மேல உங்கட குதிக்கால் அடையாளம். வட்டவிதானைக்கு வரம்பு தெரியாதா?"

"அல்லாவே! மறுகா ஏன் வந்து கேக்கல்ல?"

"கேட்டா நீங்க சத்தம் போட்டிருப்பீங்க. நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். ரெண்டு வருஷமாப் பாக்கன்."

நான் அழுதுவிட்டேன். கண்ணீர் நேராகத் தரையில் விழுந்தது. நாம் செய்ததை முழுக்க அறிந்துகொண்டே, நாமாக வாய் திறக்கும்வரை காத்திருப்பவன் ஒருவன் இருக்கிறான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அதற்கு வெடித்த குதிக்கால் இருந்தது.

"நான் மன்னிச்சிட்டன்," என்றார் காசிம். "ஆனா எல்லாருக்கும் முன்னாலதான் கத்தினீங்க. அவடத்தயே சொல்லுங்க."

மறுநாள் ஜும்ஆ. மகன் ஒரு கையையும் காசிம் மறு கையையும் பிடித்துப் போனார்கள். தொழுகை முடிந்ததும் முற்றத்தில் குனிந்தபடியே நின்றேன். நூறு சோடிக் கால்கள். அல்லாஹ் தந்த குரலை முழுசாகத் திறந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! காசிம் தண்ணி திருப்பல்ல! நண்டு வளையால போன தண்ணி! அதக் கண்டும் நான்தான் மறைச்ச!"

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, "இந்த முறை நம்பலாமா, இல்லாட்டி படங்கு போடவா?"

முற்றமே சிரித்தது. நானும் தரையைப் பார்த்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். கண் வைத்தியர் கண்டிருந்தால் ஏசியிருப்பார். காசிமின் கை என் தோளில் கிடந்தது. அன்றைக்கே, அதே முற்றத்தில், வயல்காரர்கள் அவரை மறுபடியும் வட்டவிதானையாகச் சொல்லிவிட்டார்கள். "யோசிச்சுச் சொல்றன்" என்று கொஞ்சம் பிகு செய்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அந்தப் பிகுவுக்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

பதினோராம் நாள் மட்டக்களப்பில் வைத்தியர் பார்த்துவிட்டு, "ஒட்டிட்டு ஐயா, வடிவா ஒட்டிட்டு" என்றார். நிமிர்ந்தேன். கண்ணுக்குள் ஒரு நீர்க்கோடு ஆடியது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே கலங்கல். நாளுக்கு நாள் அந்தக் கோடு இறங்கியது, கடலுக்கு ஆற்றுவாய் வெட்டியபின் வாவி வற்றுவதைப்போல. முதலில் கூரை தெரிந்தது. பிறகு ஜெஸீமாவின் நெற்றி, கண், மூக்கு, கடைசியில் அவள் சிரிப்பு. அவளை இவ்வளவு மெதுவாக நான் பார்த்ததே இல்லை. கடைசியில் குமிழி ஒரு பொட்டளவு சுருங்கி, ஒரு காலை இல்லாமல் போனது.

பார்வை பழையபடி முழுசாக இல்லை. நேர்கோடுகள் கொஞ்சம் வளைகின்றன, படிகளில் இறங்கும்போது கவனம் வேண்டும். ஆனால் நெற்கதிரில் மணியை எண்ணலாம். போன வாரம் வட்டைக்குப் போனபோது எதையும் சொல்லுமுன் வரம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். காசிம் கண்டுவிட்டுச் சிரித்தார்.

குப்புறக் கிடக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த நாட்கள் நீளமானவை, கழுத்து வலிக்கும், கோபம் வரும். வரட்டும். ஆனால் தரையை வெறுக்காதீர்கள். நம் உடம்பிலேயே உயர்ந்தது தலை என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தவன் நான். அது இளைப்பாறுகிற இடம் கீழேதான் இருந்தது.

நேற்று மாலை மஃரிபுத் தொழுகை முடிந்து, தனியாகத் தொழும் ஸுன்னத்தையும் தொழுதேன். கடைசி ஸுஜூதில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ஸலாம் கொடுத்துத் திரும்பினால் பள்ளிவாசல் காலி. வாசல்படியில் காசிம் மட்டும், அவர் செருப்பைக் காலிலும் என் செருப்பைக் கையிலும் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மச்சான், டொக்டர் சொன்ன பத்து நாள் எப்பவோ முடிஞ்சிட்டு."

"ஓம்," என்றேன். "அது கண்ணுக்கு."