‘விதிக்கிறேன்’ என்று சொன்னவர்

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். சிரம்பான் நீதிமன்றத்தில் எனக்கு மூத்த மொழிபெயர்ப்பாளராக இருந்த மரகதம் அக்கா காலமாகிவிட்டதாக, அவருடைய பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி கைப்பேசியில் அழைத்துச் சொன்னார். சொந்தக்காரர் ஒருவரும் சொல்லவில்லை. ஊரின் லோபாக் பகுதியில் அவர் தனியாகத்தான் இருந்தார். மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அக்கா போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே கொண்டாடியது. கல்யாணமோ காதுகுத்தோ, முதல் அழைப்பு அவருக்குத்தான்.

கேண்டினில் தே தாரேக் குடிக்கும்போது தீர்ப்பில் வரும் ‘இம்போஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாங்கள் சண்டை போடுவோம். ‘தண்டனை கொடுக்கிறேன்’ என்றால் போதாதா என்பேன் நான்.

“கொடுத்தா வேணாம்னு சொல்லலாம் லா. இது வரி, அபராதம், ஜெயிலு மாதிரி. வேணாம்னாலும் தலையில ஏத்திருவாங்க. விதிக்கிறேன்னுதான் சொல்லணும்” என்பார்.

பிறகு அந்த வழக்கு வந்தது. அதே லயத்துப் பச்சையம்மாளின் மகன், கத்திக்குத்து வழக்கில் கூண்டில் நின்றான். “வேற ஆளப் போடுங்க” என்று அக்கா கெஞ்சிப் பார்த்தார். ஆள் இல்லை. என் வேலை முடிந்து வந்து கதவருகே நின்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பேச்சைச் சொல்கிறோமோ அவராகவே பேச வேண்டும். நீதிபதி ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’தான். நீதிபதி ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அக்கா தெளிவான தமிழில், “நான் உனக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கிறேன்” என்றார். பச்சையம்மாளுக்குப் புரிந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

“அடிப்பாவி, நீ தூக்கி வளத்த புள்ளடி!” என்று அலறினார்.

அதோடு போயிற்று. தோட்டத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. தீர்ப்பு யாருடையது என்று படித்த பிள்ளைகளாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லையே!

“நீங்களே போயி வெளக்குங்கக்கா” என்பேன்.

“சொன்ன வாய் இதுதானேம்மா” என்பார்.

தீபாவளிக்கு ஊருக்கே ஆகும் அளவு முறுக்குச் சுடுவார். யாரும் வரமாட்டார்கள். எல்லாவற்றையும் என் தலையில் கட்டுவார். பையன் விடுதலையானதை நான்தான் சொன்னேன். “சாப்பிடுறானா? வேலை கெடச்சுதா?” என்று என்னைத் துளைத்தெடுத்தார். எனக்கு என்ன தெரியும்?

இறுதிச் சடங்கன்று கூடாரத்து நாற்காலிகளில் பாதிக்கு ஆளில்லை. சவ வண்டி வந்து நின்ற நேரத்தில் பச்சையம்மாள் தனியாக வந்தார். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எம்மவன் வெளிய வந்துட்டான். இவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. எப்படி இருக்கான்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாங்க.”

“எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல” என்றார். “நானும் வாசலப் பாத்துக்கிட்டுதானே கெடந்தேன்.”

பெட்டியை மூடினார்கள். அந்த அம்மா அதன்மேல் கையை வைத்தபடியே வண்டிவரை நடந்தார்.

பச்சையம்மாள் வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டியிருக்கக் கூடாதா, அக்கா? போய் வாருங்கள்.