கயிறு இல்லாவிட்டால் பாட்டு இல்லை

அந்த நாட்களில் எனக்குக் காலை என்றால் பள்ளிக்கூடம், பின்னேரம் என்றால் ஒத்திகை, இடையில் கிடைத்ததெல்லாம் மெட்டு. குசினியில் அகப்பையால் தாளம் போடுவேன், சோறு குழைந்துபோகும். உப்புவெளி பஸ்ஸில் நின்றபடி கைத்தொலைபேசிக்குள் முணுமுணுப்பேன். பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காருவாள். உட்காரட்டும். முழு மேடை நிகழ்ச்சி, எல்லாப் பாட்டும் என்னுடையது, ஒரு சினிமாப் பாட்டும் கிடையாது. எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

முதற்பாட்டு கரைவலை இழுப்பவர்களுடையது. அதற்குத்தான் உயிர் வரவில்லை. சொல் சரி, மெட்டு சரி, பாடினால் சவம். கிண்ணியாவிலிருந்து வரும் டோலக்குக்காரர் வாசிப்பை நிறுத்தினார்.

"டீச்சர், உங்கட ஆக்கள் வலை இழுக்கல்ல. பிரேயருக்கு நிக்கிறாங்க."

சுட்டது. அடுத்த விடியலிலேயே பாடகர் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், வலைக்காரரோடு கயிறு பிடிக்க வைத்தேன். உள்ளங்கை உரிந்தது. உரிந்தபோதுதான் பிழை பிடிபட்டது. இழுக்கும்போது மூச்சு மட்டுந்தான். கை தளரும் இடத்தில்தான் சொல் வெடிக்கிறது. நாங்களோ மூச்சுப்பிடிக்க வேண்டிய இடமெல்லாம் பாடிக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு வெறுங்கையோடு யாருக்கும் அந்தப் பாட்டு வரவில்லை. தடித்த கயிறொன்று வாங்கினேன். பெண்கள் ஒரு முனை, ஆண்கள் மறுமுனை. பாட்டு எழும்பி நின்றது.

கடைசி ஒத்திகைக்கு மண்டபப் பொறுப்பாளர் வந்தார்.

"என்னம்மா, தேர் இழுக்கப் போறீங்களோ? புதுப் பலகை போட்ட மேடை. கயிறு ஏலாது. ரெண்டு சினிமாப் பாட்டைப் போடுங்கோ. சனமும் சந்தோசம், பலகையும் தப்பும்."

"கயிறு இல்லாட்டிப் பாட்டு இல்லை, ஐயா."

"அப்ப மேடையும் இல்லை."

"நல்லது. மேடையை நீங்களே வைச்சிருங்கோ."

நிகழ்ச்சியன்று திரை விலகியது, மேடையில் ஒருவருமில்லை. நாங்கள் கதிரைகளுக்கு நடுவே, நடைவழியில், முன்வரிசையிலிருந்து வாசற்கதவு வரை கயிறு பிடித்து நின்றோம். பொறுப்பாளர் கதவடியிலிருந்து கையை ஆட்டிக் கத்தினார்.

"நான் சொன்னனான் எல்லோ!"

"உங்கட பலகையைத் தொடேல்லை, ஐயா!"

டோலக்கில் அடி விழுந்தது. இழுத்தோம். தளர்ந்தோம். சொல் வெடித்தது. நடைவழி ஓரத்தில் இருந்த தொப்பைக்காரர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்:

"டீச்சர், இது எந்தப் படத்துப் பாட்டு?"

"படம் இன்னும் எடுக்கேல்லை. பிடியுங்கோ அண்ணை!"

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பி வந்து பிடித்தார். அவர் பக்கத்துக் கதிரைக்காரி பிடித்தாள். பின்னால் யாரோ, அதற்குப் பின்னால் யாரோ. கயிறு கனத்தது, உண்மையான வலையைப்போல. வாசலை மறித்து நின்ற பொறுப்பாளர் கயிற்றுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒதுங்கினார்.

கை தளர்ந்தது. நான் பாட்டின் அடுத்த அடியை எடுத்தேன்.