பொட்டி கிழியவில்லை: வரதராஜன்பேட்டையில் ஒரு பங்க் கச்சேரி

சென்ற மே மாதம் அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். என்ன காரணம் என்று கேட்ட மேலாளரிடம், வரதராஜன்பேட்டை மாதா கோயில் திருவிழா என்றேன். பொய்யில்லை. ஆனால் திருவிழாவின் நாலாம் நாள் மாலை, குழந்தைகள் நடனத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவில், நாற்பது நிமிடம் பங்க் ராக் வாசிக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதை அவருக்கு விளக்க இன்னொரு நாள் விடுப்பு தேவைப்பட்டிருக்கும்.

பங்க் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு, பயிற்சி இல்லாத குரல், நிறையக் கோபம். கிடார் வேண்டுமென்றே கரகரவென்று இரையும். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வாசிக்கப் போகிற குழுவின் பெயர் காளவாய். மூன்று பேர். பாடிக்கொண்டே கிடார் வாசிக்கிற சகாயராஜ் அந்த ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இணையத்தில் இரண்டு ஆல்பம் போட்டிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டுவிட்டுச் சண்டை போடுவதற்கென்றே எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. சகாயராஜையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது பேர். ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பாட்டைக்கூடத் தாண்டாமல் கேட்டவர்தான் அதைப் பற்றிப் பேசலாம் என்பது எங்கள் விதி.

காளவாய் மேடையேறியது இதற்கு முன் இரண்டே முறை. திருச்சியில் பதினோராவது நிமிடம் மண்டபத்துக்காரர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். ஒரு கல்லூரி விழாவில் மூன்றாவது பாட்டோடு கீழே இறக்கிவிட்டார்கள். மூன்றாவதாகச் சொந்த ஊரில் இடம் கிடைத்தபோது சகாயராஜ் எங்கள் வாட்ஸாப் குழுவில் எழுதியிருந்தார்: "அப்பாவுக்கு வாக்கு குடுத்துட்டேன். இதையும் முழுசா வாசிக்க முடியலைன்னா கிடார வித்துட்டு சாயங்காலம் டியூஷன் ஆரம்பிச்சிடுறேன்." அதைப் படித்துவிட்டுத்தான் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன்.

சென்னையிலிருந்து காலை ஆறு மணி பஸ். பெரம்பலூருக்குச் சுமார் இருநூற்று அறுபது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் ஆகிறது. பேருந்து நிலையத்தில் சாதிக் நின்றிருந்தான். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான்கு வருடமாக எழுத்திலேயே சண்டை போட்டவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மச்சானிடம் கடன் வாங்கிய ஆம்னி வேனோடு வந்திருந்தான்.

"வாங்கக்கா. உங்க போட்டோவப் பாத்து ரொம்பக் கோவக்காரவங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"கோவக்காரிதான். மொதல்ல டீ வாங்கிக் குடு."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். சிமெண்ட் லாரிகளின் பின்னால் போனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்ணாடியை ஏற்றினால் வெந்து போவோம், இறக்கினால் தூசு. சாதிக் இறக்கியே ஓட்டினான். வேனில் காளவாயின் முதல் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலோ பிளாக் சிமெண்ட் கல் வார்க்கும் கொட்டகை ஒன்றில், ஒரே ஒரு செல்போனை நடுவில் வைத்துப் பதிவு செய்தது. அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் வீண் என்பது சாதிக்கின் கட்சி.

ஜெயங்கொண்டத்தில் எதிர்க்கட்சி ஏறிக்கொண்டது. கண்ணன், முந்திரி உடைக்கும் தொழில். ஏறியதும் என் மடியில் அரைக்கிலோ வறுத்த முந்திரியைப் போட்டுவிட்டு, பாட்டை நிறுத்தினான்.

"மாப்ள, இத அக்காவுக்குப் போட்டுக் காட்டுறியா? தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டாவது ஆல்பத்தப் போடு. ஸ்டூடியோல பண்ணது, டிரம்ஸ் தனியா கேக்கும்."

"டிரம்ஸ் தனியா கேக்கணும்னா தனியாப் போயி டிரம்ஸ் கேளு. காளவாய்னா எல்லாம் சேந்து மூஞ்சில அடிக்கணும். திருச்சில அடிச்சாங்க பாரு, அது கச்சேரி."

"கரண்டப் புடுங்குனதுக்குப் பேரு கச்சேரியாடா?"

"பதினோரு நிமிஷம் மாப்ள. நீ வரல, அதான் வயித்தெரிச்சல்."

நான் எப்போதும் கண்ணன் பக்கம். மின்சார ரயில் நெரிசலில் கேட்கிறவளுக்கு இரண்டாவது ஆல்பம்தான் தோது. இரண்டிலும் உள்ள ஒரே பாட்டு 'வெள்ளை'. அதில் கிடார் நுழையும் இடம் எதில் நன்றாக இருக்கிறது என்று வரதராஜன்பேட்டை வரும்வரை மூவரும் பேசிக்கொண்டே போனோம். பாதையோர முந்திரித் தோப்புகளை நான் பார்க்கவே இல்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவள் செய்யக்கூடாத காரியம்தான்.

கோயில் மைதானத்தில் சீரியல் விளக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக இருந்தது. சாதிக் விரலை நீட்டி சகாயராஜின் அப்பாவைக் காட்டினான். ஆரோக்கியசாமி, முப்பது வருடம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். கடைசி வரிசைக்கும் பின்னால், தன் டிவிஎஸ் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மகன் மானம் போனால் சத்தமில்லாமல் கிளம்பிவிட வசதியான இடம்.

ஏழு மணிக்கு மேல் காளவாய் ஏறியது. முதல் பாட்டு இடி மாதிரி வந்தது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழந்தைகள் மட்டும் குதித்தன. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் பாட்டு நடக்கும்போதே மேடையேறி மூன்று பேருக்கும் பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார். இங்கே அது வழக்கம். கிடார் கம்பியில் சால்வை நுனி சிக்கிக்கொள்ள, சகாயராஜ் பல்லால் அதை இழுத்துக்கொண்டே வாசித்தார். இதுவரை நான் பார்த்த எந்த பங்க் மேடையிலும் இப்படி ஒரு இடைஞ்சல் நடந்ததில்லை. அதற்குள் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன.

இரண்டாவதாக 'வெள்ளை'. கிடார் நுழையும் இடத்துக்கு நாங்கள் மூவரும் காத்திருந்தோம். நுழைந்தது, நுழைந்த வேகத்தில் காணாமல் போனது. அதற்குப் பதில் சகாயராஜின் குரல் தேவாலயத்தில் ஜெபம் சொல்வதுபோல எதிரொலித்துக்கொண்டு மைதானம் முழுவதும் பரவியது. சாதிக் மைக் செட்டை நோக்கி ஓடினான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மைக் செட்டுக்காரர் செல்வமணி நிதானமாக இருந்தார். "பொட்டி கிழிஞ்சிருச்சு தம்பி. ஸ்பீக்கர் காயில் போயிருக்கும்னு நெனக்கிறேன், கரகரன்னு வருது பாரு. அதான் கிடார கொறச்சுட்டு, பாட்டுக்குக் கொஞ்சம் எக்கோ வச்சேன். பாட்டு கேட்டாப் போதும்ல?"

"அண்ணே, பொட்டி கிழியலண்ணே. அந்தச் சத்தமே அப்படித்தான்." சாதிக் அவரைத் தாண்டிக் கையை நீட்டி, கிடார் சத்தத்தைக் கூட்டுகிற திருகைப் பிடித்துவிட்டான். பிடித்தவன் திருகவில்லை.

ஏனென்றால் மைதானம் அமைதியாக இருந்தது. தன் குரலே தனக்குத் திரும்பி வருவதில் திகைத்துப்போன சகாயராஜ், கத்துவதை நிறுத்திவிட்டு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரரும் கையைக் குறைத்தார். வேலை முடிந்து உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசோடு வருகிற அப்பாவைப் பார்த்துப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற குழந்தையின் பாட்டு அது. "மூஞ்சக் கழுவிட்டு வா, அப்புறம் அப்பான்னு கூப்புடுறேன்" என்று முடிகிறது. நான்கு வருடமாக எத்தனையோ முறை கேட்ட பாட்டு. கிடார் எங்கே நுழைகிறது என்று தெரிந்த எனக்கு அது எதைப் பற்றியது என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. சாதிக்கின் முகத்திலும் அதுதான்.

அப்போது ஆரோக்கியசாமி எழுந்தார். வண்டியில் ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்து வந்து, முதல் வரிசைக்கும் முன்னால் போட்டார். உட்காராமல் நின்றார்.

"ஆரோக்கியம், உக்காருய்யா, மறைக்குது," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்ததும் சகாயராஜ் செல்வமணியைப் பார்த்து மைக்கிலேயே சொன்னார்: "அண்ணே, பொட்டி நல்லாத்தான் இருக்கு. கிடார ஏத்திவுடுங்க, எக்கோவ எடுத்துருங்க." கூட்டம் சிரித்தது. செல்வமணி நம்பாத முகத்தோடு ஏற்றினார். மிச்சம் ஒன்பது பாட்டும் சாதிக் ஆசைப்பட்டபடி மூஞ்சியில் அடித்தன. காதைப் பொத்திய பெண்களில் பாதிப் பேர் பொத்தியபடியே கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். எதற்காகக் கத்துகிறான் என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும். பட்டிமன்றம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

திரும்பும்போது வேனில் பாட்டுப் போடவில்லை. "ரெண்டு ஆல்பத்துலயும் ஒண்ணு கொறையுது மாப்ள," என்றான் கண்ணன். நாங்கள் இத்தனை வருடம் சத்தத்தைப் பற்றியே பேசியிருக்கிறோம். சத்தத்தை இன்னும் அதே அளவுக்கு நேசிக்கிறேன், அதை விட்டுத்தர மாட்டேன். ஆனால் பிடித்த குழு என்று ஒன்றைச் சொல்வதற்கு முன் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்கும் எங்கள் விதிக்கு அது எட்டவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. வரதராஜன்பேட்டையில் தங்க விடுதி தேடாதீர்கள், ஜெயங்கொண்டத்தில் தங்குங்கள். எனக்கு ஒற்றை அறை எழுநூறு ரூபாய், தண்ணீர் நன்றாக வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். நான் போகவில்லை, திட்டுகிறவர்கள் திட்டலாம். திரும்ப அரியலூர் போய் ரயில் பிடிப்பது பஸ்ஸைவிடச் சுகம். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், லாரிகள் உங்கள் ரயிலுக்காக வழிவிடாது. மருந்துக்கடையில் அறுபது ரூபாய்க்குக் காதடைப்பான் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பாட்டுக்கு மட்டும் போடாதீர்கள், வார்த்தைகள் காதில் விழட்டும்.

கிடாரை விற்றுவிட்டுச் சாயங்கால டியூஷன் எடுக்கிற பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மேடைக்குப் பின்னால் சகாயராஜ் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியசாமி வந்தார். நாற்காலி இன்னும் கையில் இருந்தது.

"டியூஷனக் காலைல வச்சுக்கடா," என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.