அமராவதிக்கு அனுபவம் இல்லையாம்

அமராவதி கடலூரில் மீன்குழம்பைக் கொதிக்கவிட்டால், வாசனை பிடித்துச் சிதம்பரத்தில் இலை போட்டுவிடுவார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கேன்டீனை அவள் நடத்துவது நிஜம். இந்த வருடம் டெண்டர் ஆன்லைனுக்கு மாறியதும், அனுபவம் இல்லை என்று அவளைத் தள்ளிவிட்டார்கள். சிறுதொழில்காரர்களுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று விதியே சொல்கிறது. அதை யார் படித்தார்கள்?

நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் அவளுடைய குழம்பைத்தான் பிசைந்துகொண்டிருந்தார்.

"பத்து வருஷமா ஆக்கிப் போடுறேன். எனக்கா சார் அனுபவம் இல்ல?"

"ஆன்லைன்ல அனுபவ சர்டிபிகேட் ஏத்தலியேம்மா."

"நீங்க குடுத்தாதானே ஏத்துறதுக்கு? மூணு தடவ கேட்டேனே!"

தண்ணீர் வைக்க வந்த பியூன் பூவராகன் குறுக்கிட்டார்.

"பத்து இல்ல சார், பன்னெண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அக்கா சோறுதான் தின்னேன்."