நண்டு ஏற்றிய வண்டி

எங்கள் வீட்டில் எல்லோரும் மரக்காணம் உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் பன்னிரண்டாவது முடித்ததும் நண்டு கம்பெனியில் வேலை கிடைத்தது. கூனிமேட்டுக்குப் பக்கத்தில் ஈ.சி.ஆர். ரோட்டு ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. கழுவெளி உப்பங்கழியில் பிடிக்கிற பெரிய நண்டுகளை உயிரோடு வாங்கி, கால்களைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போட்ட பெட்டிகளில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். கொஞ்ச காலத்தில் பெட்டிகளோடு வேனில் விமான நிலையம்வரை போய் ஒப்படைத்து வருகிற வேலையும் என்னிடம் வந்தது. வேன் ஓட்டுகிறவர் கூனிமேட்டு பாய்.

அது சின்ன விமான நிலையம். பயணிகள் விமானம் பேருக்குத்தான் வரும். மற்றதெல்லாம் சரக்கு. பூ, மருந்துப் பெட்டி, துணி மூட்டை, மீன். பயணிகள் கட்டடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், சரக்குக் கிடங்கில் நிற்க இடமிருக்காது.

மழைக்காலத்தில் ஒரு நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் வரவில்லை. வளைகுடாவிலிருந்து சரக்கு இறக்கிவிட்டு எங்கள் நண்டை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய விமானம்.

"அங்கேயே கிளம்பலம்மா. நாளைக்குத்தான்" என்றார் கிடங்கு அதிகாரி. "குளிர் அறையில இடமில்ல. வெச்சிருக்கீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா?"

முதலாளிக்குப் போன் போட்டேன். "திருப்பி எடுத்துட்டு வந்தா வழியிலேயே செத்துடும். அங்கேயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கிடங்குக்கு வெளியே பெஞ்சில் பக்கத்து ஊரான அனுமந்தைக்காரர் ஒருவர் மருமகனோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கொட்டகைக்கு நண்டு கொண்டுவருகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்க என்னங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பெரியவன் வர்றான்" என்றார். மருமகன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். துபாயில் வெல்டிங் வேலைக்குப் போன மகன் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். உடல் வைத்த பெட்டி அதே விமானத்தில் வரவேண்டியது.

அனுமந்தைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

நண்டுக்கு உப்புத் தண்ணீர்தான் சரிப்படும், குழாய்த் தண்ணீர் ஆகாது. நான் காசு கொடுக்க, பாய் கேன்டீனுக்குப் போய் உப்புப் பாக்கெட் வாங்கி வந்தார். பிறந்ததிலிருந்து நான் காசு கொடுத்து வாங்கிய முதல் உப்பு அதுதான் என்று நினைக்கிறேன். பக்கெட்டில் கரைத்து, பெட்டி பெட்டியாகத் திறந்து சாக்கை நனைக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் அனுமந்தைக்காரரும் வந்து குந்தினார்.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

"சும்மா உக்கார முடியலம்மா."

கரைத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "பத்தல" என்று இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டார். செத்ததைத் தனியாக எடுத்துப் போட்டார். ஒரு நண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கத்துது இல்ல, எக்கியார்குப்பத்தான் குடுத்திருப்பான்" என்றார். பாய் சிரித்தார். அவரும் லேசாகச் சிரித்தார்.

மறுநாள் காலையில் விமானம் இறங்கியது. மரப்பெட்டியை ஃபோர்க்லிஃப்டில் மெதுவாகத்தான் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் ஏதோ மெஷின் பாகங்கள் இருந்தன. பெட்டியின் மேல் பெயரும் எடையும் எழுதி ஒட்டியிருந்தது. அனுமந்தைக்காரர் படிக்கத் தெரியாதவர். மருமகன் பெயரைப் படித்துக் காட்டினார். அவர் கையை வைத்துப் பெட்டியின் ஓரத்தைத் தடவினார், ஆணி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அவர்கள் ஏற்பாடு செய்திருந்த ஆம்புலன்ஸ் முதல்நாளே திரும்பிப் போயிருந்தது. வேறு ஒன்றைக் கூப்பிட்டால் வரச் சாயங்காலமாகும் என்றார்கள். மருமகன் போனை வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார். எங்கள் பெட்டிகள் உள்ளே போய்விட்டன. வேன் காலி.

நான் பாயைப் பார்த்தேன். "நானும் அதான் நெனச்சேன்" என்றார். "மொதலாளிகிட்ட கேக்கணுமா?"

"வேணாம்."

பாய் வேனை மூன்று தரம் அலசினார். நண்டு வாடை போகவில்லை. "நாத்தம் இருக்குதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அவரிடம்.

"எங்க வூட்டு வாடதானே" என்றார் அவர்.

அவர் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். மருமகனும் நானும் பாய்க்குப் பக்கத்தில். வழியில் பாய் பாட்டுப் போடவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மட்டும் நன்றாக மெதுவாக்கினார்.

அனுமந்தையில் கூட்டம் ரோட்டுக்கே வந்திருந்தது. ஆம்புலன்ஸை எதிர்பார்த்தவர்கள் எங்கள் வேனை விலகிப் போகச் சொன்னார்கள். பின்கதவைத் திறந்ததும்தான் அழுகை கிளம்பியது. ஆண்கள் இறக்கிக் கொண்டுபோனார்கள். நாங்கள் ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

முதலாளியிடம் அன்றே சொல்லிவிட்டேன். "வேனை நல்லா கழுவிட்டீங்களா?" என்று கேட்டார். அதற்குமேல் அந்தப் பேச்சு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அனுமந்தைக்காரர் மறுபடி கொட்டகைக்கு நண்டு கொண்டுவந்தார். இளைத்திருந்தார். தராசில் கூடையை வைத்துவிட்டு, "அன்னிக்கிப் போன நண்டுங்க பொழச்சுதா?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல பொழச்சுதுங்க."

"பரவால்ல" என்றார். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.