சார் ஒப்புதல் தந்த கட்டுரை

மதுரையில் நல்ல செய்தி என்றால் இனிப்புப் பெட்டி வரும். கண்டியில் அது காரமாக வருகிறது. இங்கே பல்கலைக்கழக வேலைக்கு வந்து வருடங்களாகியும், மேசையில் மீன் ரோல்ஸைப் பார்த்தால் யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று கேட்க எனக்குத் தோன்றுவதில்லை, பசிதான் தோன்றும். போன வாரமும் தின்று முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாங்கி வந்தவள் பக்கத்து மேசை ரிஸ்வானா, கண்டிக்குப் பக்கத்திலுள்ள அக்குறணைக்காரி. முனைவர் பட்டத்துக்காக மகாவலி ஆற்றுத் தண்ணீரை ஆராய்கிறாள். அவளுடைய கட்டுரையை ஓர் இந்திய ஆய்விதழ், அனுப்பிய வாரத்திலேயே ஏற்று வெளியிட்டுவிட்டதாம்.

அந்த வேகம் எனக்குப் பழக்கமானது. நம்மூர்க் கல்லூரியில் வருடா வருடம் கட்டுரை காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை. அந்த அவசரத்தை நம்பியே, காசை வாங்கிக்கொண்டு எதையும் வாசிக்காமல் வெளியிடும் இதழ்கள் முளைத்தன. அந்தப் பக்கமே போகாதே என்பார் என் ஆய்வு வழிகாட்டி. எங்களுக்கு அவர் வெறும் சார். ஒரு வரியைத் திருத்த மாதக்கணக்கில் அலையவிட்டவர். திட்டிக்கொண்டேதான் அலைந்திருக்கிறேன். நாடு மாறினால் இந்தத் தொல்லை விடும் என்று நினைத்தேன். அது விசா இல்லாமலே வந்துவிட்டது. ரிஸ்வானா திறந்து காட்டிய அந்த இதழின் இணையப் பக்கத்தில், ஆசிரியர் குழுவின் முதல் படமாக சார் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க எந்நாளும் சொல்ற சேர்ட பேர் இருந்திச்சு. அதப் பாத்துத்தான் நம்பி அனுப்பினேன்.”

சார் இறந்து இரண்டு வருடமாகிறது. அப்போது என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. போக முடியாத சாவு மனதில் ஒட்டுவதில்லை போலும். இங்கே எல்லாரிடமும் ‘எங்க சார் சொல்வார்’ என்றேதான் பேசிவந்தேன். அவர் இல்லை என்று ரிஸ்வானாவிடம் அன்றுதான் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. செத்தவர் பெயரை வைத்து நடக்கும் இதழில் வந்த கட்டுரையைப் பட்டத்துக்கு ஏற்கமாட்டார்கள். ஒருமுறை வெளிவந்ததை நல்ல இதழ் எதுவும் தொடாது. அத்தனை வருட உழைப்பும் அந்தரத்தில் நின்றது.

கட்டுரையை நீக்கச் சொல்லலாம் என்று இதழின் எண்ணுக்கு அழைத்து, அவளும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தவன் பேச்சிலேயே அசல் மதுரைக்காரன். போட்டதை எடுக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னான். யார் வாசித்து ஒப்புதல் தந்தது என்றேன். சார்தான் என்றான், கூசாமல். அப்படியானால் சாரிடம் பேச வேண்டும் என்றேன்.

“சார் வெளிய போயிருக்காரு மேடம். நீங்க நம்ம ஊரா? லீவுக்கு வரும்போது வாங்க, நேர்லயே பாத்துப் பேசிக்கலாம்.”

ரிஸ்வானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் அவனைக் கிழிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நானோ, சார் வெளியேதான் போயிருக்கிறார் என்பதுபோல, சித்திரைக்கு லீவு கிடைத்தால் முதலில் சார் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.